குறவஞ்சி மேடும் பீடிப் பாஸும்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி வழியே போகிற பஸ்களிலும் வேன்களிலும் கால் வைக்க இடம் இருக்காது. பேரருவியில் தலையைக் கொடுத்து, ஐந்தருவியில் உடம்பைக் கொடுத்து, ஈரத் துண்டோடு ஊர் திரும்புகிற ஜனங்களில் எத்தனை பேருக்குக் குறவஞ்சி மேடு என்ற பெயர் தெரியும்? அது ஒரு நன்செய் நிலம். தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதைப் பாராட்டி, 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு மானியமாக விட்ட வயல் அது. பாட்டுக்கு நிலம் கிடைத்தது. நிலத்துக்குப் பாட்டின் பெயர் கிடைத்தது. விருது, சன்மானம் என்று நம் வட்டாரத்தில் யார் பேசினாலும் இந்த மேட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கவிராயருக்குக் கொடுத்தது தவறென்று நாம் சொல்லவில்லை. நல்ல கவி, கொடுக்கட்டும். ஆனால் நமக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த மேட்டில் ஏர் பூட்டியவன் யார்? நாற்று நட்டவள் யார்? மானியம் கைமாறிய அன்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னவர் உண்டா? பாடியவர் பெயர் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. உழுதவர் பெயர் நாம் அறிந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"பெயரை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது? கூலி உயர்ந்தால் போதும்" என்று சொல்லுகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. விருது, பாராட்டு என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் வேடிக்கை என்பது அவர்கள் அபிப்பிராயம்.

இதில் பாதி வாஸ்தவம். பசித்தவன் முன்னால் பதக்கத்தை ஆட்டுவது கேலிதான். மற்றப் பாதியை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கூலிக் குறைவை மாதக்கணக்கில் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட தொழிலாளி, மேஸ்திரி ஒருவன் ஒரு நாள் எல்லார் முன்னாலும் "அடே" என்று கூப்பிட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்திருக்கிறான். சங்கத்தில் பத்து வருஷம் வேலை செய்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். அன்று அவன் கேட்டது காலணா அதிகமா? இல்லை. தான் ஒரு மனிதன் என்பதை ஒப்புக்கொள் என்று கேட்டான்.

1940-களில் தஞ்சை ஜில்லாவில் செங்கொடி ஏறியபோது பண்ணையாட்கள் எதை எதிர்த்து எழுந்தார்கள்? சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது என்று எழுந்தார்கள். நெல்லுக் கூலி கூடுதலாகக் கேட்டதும் அதே மூச்சில்தான். கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் சேரிக்குள் போய் அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கினார். எந்தச் சாசனமும் செய்யாத வேலையை அது செய்தது. தலை நிமிர்ந்தவன்தான் கூலி உயர்வும் கேட்டான்.

"குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் கவனிப்பதே பெரும் பேறு என்பது அதன் பொருள். தலைமுறை தலைமுறையாக நமக்கு மோதிரக் கையின் குட்டுக்குக் குறைவே இருந்ததில்லை. மோதிரம்தான் வந்து சேரவில்லை!

குறத்தியின் காலில் சிலம்பு

கவிராயரின் குறவஞ்சியில் ஒரு விஷயத்தைப் பண்டிதர்கள் ரசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் நின்று பார்க்க வேண்டும். குறத்தி சிங்கி ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லுகிறாள். அவள் தொழிலை மெச்சிப் பல சீமையிலும் நகை நட்டுத் தருகிறார்கள். தேடி வந்த சிங்கன் அவள் காலைப் பார்த்துத் திகைக்கிறான். இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். குறி சொல்லிப் பெற்ற சிலம்பு, குறி சொல்லிப் பெற்ற பாடகம் என்று அவள் பதில் சொல்லுகிறாள். அந்தப் பதிலில் ஒரு மிடுக்கு இருக்கிறது. அது பிச்சை வாங்கியவள் பேச்சல்ல; தொழில் தெரிந்தவள் பேச்சு.

பாட்டில் இப்படி. நாட்டில் எப்படி? வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. குறவர் மக்களின் பல பிரிவுகள் அதன் பட்டியலில் ஏற்றப்பட்டன. கைரேகை பதி, போலீஸ் ஸ்டேஷனில் போய் ஆஜர் கொடு, ஊரை விட்டு நகர்ந்தால் சீட்டு வாங்கு! பிறந்த குழந்தை பிறந்த நிமிஷத்திலேயே குற்றவாளி. இந்த ராஜதானியில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சிங்கியின் காலில் சிலம்பு போட்ட நாட்டில் அவள் பேத்தியின் விரலில் மை தடவினார்கள்.

இதுவும் ஓர் அங்கீகாரம்தான், தோழர்களே! சர்க்கார் தரும் பெயர் மனிதனை உயர்த்தவும் செய்யும், குழி தோண்டிப் புதைக்கவும் செய்யும். திருடன் என்று ஊரே நூறு வருஷம் சொன்னால், சொல்லப்பட்டவன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எந்த வரிசையில் உட்காருவான்? சட்டம் போன பிறகும் அந்தப் பிள்ளை கடைசி வரிசையைத் தேடித்தானே போனான்? விருதின் மனோதத்துவம் தெரிய வேண்டுமென்றால் விருது பெற்றவரைக் கேட்பதைவிட, இழிபெயர் சுமந்தவரைக் கேட்பது நல்லது.

நட்டவளுக்கு என்ன?

வயலுக்கு வருவோம். தமிழ்நாட்டு சர்க்கார் திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுக்கும் விவசாயிக்கு, விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரால் 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் தருகிறது. குடியரசு தினத்தன்று சென்னையில் முதலமைச்சர் கையால் கொடுக்கிறார்கள். விவசாயியைக் கூப்பிட்டு மேடை ஏற்றுவது நல்ல காரியம். வரவேற்கிறோம்.

ஆனால் திருந்திய நெல் சாகுபடி என்றால் என்ன? 14 நாள் இளம் நாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று. குத்துக்குக் குத்து 22.5 சென்டிமீட்டர், அதாவது முக்கால் அடி. நீளத்திலும் அகலத்திலும் சதுரம் பிசகக்கூடாது. வேர் அறாமல், வேரோடு ஒட்டிய மண் உதிராமல், பிடுங்கிய சூட்டோடு வைக்க வேண்டும். ஆழ வைத்தால் தூர் கட்டாது. மேலே வைத்தால் சாய்ந்துவிடும். இதையெல்லாம் செய்வது யார்? விவசாய இலாகா அதிகாரியா? பட்டாவில் பெயர் உள்ளவரா? சிற்றாற்றுப் பாசனத்திலும் குளத்துப் பாசனத்திலும், காருக்கும் பிசானத்துக்கும் முதுகு ஒடியச் சேற்றில் நிற்கிற பெண்களின் இரண்டு விரல்கள். பழைய நடவில் கைக்கு வந்தபடி கொத்தாக வைத்துப் பழகிய விரல்கள் புது முறையைக் கற்றுக்கொண்டதால்தான் அந்த மகசூல் வந்தது. பதக்கம் வாங்குகிற அன்று அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வேறொரு வயலில் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. விருதுச் சான்றிதழில் அந்த வயலில் நடவு நட்டவர்கள் பெயர்களையும் அச்சடியுங்கள். பரிசுத் தொகையில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று உத்தரவிலேயே எழுதுங்கள். சர்க்காருக்கு இதில் காலணா அதிகச் செலவில்லை. நிலச் சொந்தக்காரர் சிலருக்கு மனம் கசக்கலாம். கசக்கட்டும்.

பலகையில் படம்

மில் வாசலில் ஒரு பலகை தொங்கும். இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒரு போட்டோ ஒட்டியிருக்கும். லீவே போடாதவருக்கு ஒரு பாத்திரம், ஒரு சுவர்க் கடிகாரம். வாங்கியவர் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார், பிள்ளைகளிடம் காட்டுவார். அவரைப் பார்த்து நாம் சிரிக்கக்கூடாது. இருபது வருஷம் உழைத்த மனிதரை முதல் தடவையாக யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷம் பொய்யல்ல. அது பொய்யல்ல என்பது முதலாளிக்குத் தெரியும்; நம்மில் சிலருக்குத் தெரியவில்லை என்பதுதான் சங்கடம். கடிகாரத்தின் விலை என்ன, அவர் எடுக்காமல் விட்ட லீவு நாட்களின் கூலி என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டலாம். ஆனால் அவருக்கு அந்தக் கடிகாரம் ஏன் இனித்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு காட்டுங்கள்.

மேற்கு மாவட்டத்துப் பஞ்சாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே, அதில் கடிகாரம்கூட இல்லை. மூன்று வருஷம் வேலை பார், முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை பரிசு என்றார்கள். நம் தென் மாவட்டங்களிலிருந்தும் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். அந்தத் தொகை ஏது? அந்தப் பிள்ளையின் கூலியில் பிடித்துவைத்ததுதான். நடுவிலே நோய் வந்து வீடு திரும்பிய பெண்களில் பலர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அவள் பணத்தை அவளுக்கே பரிசு என்று பெயரிட்டுக் கொடுப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

விஞ்ஞானிகள் என்ன சொல்லுகிறார்கள்? அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் 1973-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகள். ஒரு கூட்டத்திடம், நீங்கள் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்திடம் ஒன்றும் சொல்லாமல் வரையவிட்டு, முடிந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்து, இஷ்டப்படி விளையாடுங்கள் என்று விட்டுப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்ற பிள்ளைகளுக்கோ ஆசை குறையவில்லை. விலை பேசிக் கொடுக்கும் பரிசு, வேலையில் இருந்த சொந்த ஆசையைத் தின்றுவிடுகிறது; செய்ததைப் பார்த்து மெச்சிக் கொடுப்பது அப்படித் தின்பதில்லை.

இதைப் படித்துவிட்டு முதலாளி யாராவது, ஆஹா, அப்படியானால் போனஸும் தொழிலாளியின் ஆசையைக் கெடுக்கும் என்று கிளம்பிவிடப் போகிறார்! ஐயா, போனஸ் பரிசல்ல. அது தள்ளிவைத்த கூலி. அதைச் சொல்லிச் சொல்லி, அடிபட்டு, 1965-ல் சட்டமாக்கினார்கள் தொழிலாளிகள். கூலியைப் பரிசு என்று சொன்னால் மறுப்போம். மரியாதையைக் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தாலும் மறுப்போம்.

நம் பக்கத்து அனுபவத்தையும் மூடி மறைக்காமல் பேசலாம். சோவியத் நாட்டில் தான்பாஸ் சுரங்கத்தில் 1935 ஆகஸ்டு 31-ம் தேதி அலெக்ஸி ஸ்தகானவ் ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். நிர்ணயித்த அளவைப் போல 14 மடங்கு. உலகமெங்கும் அவர் பெயர் பரவியது; பிற்காலத்தில் ஓர் ஊருக்கே அவர் பெயர் வைத்தார்கள். சாதாரணச் சுரங்கத் தொழிலாளியின் படம் ராஜா மகாராஜாக்களின் படம் இருந்த இடத்துக்கு வந்தது சின்ன விஷயமல்ல. அதைப் பார்த்து நிமிர்ந்த முதுகுகள் லட்சோபலட்சம். ஆனால் அந்த ராத்திரி அவர் வெட்ட வெட்டப் பின்னாலேயே மரம் முட்டுக்கொடுத்து, கூரை இடிந்து விழாமல் காத்தவர்கள் இரண்டு பேர்: ஷிகோலெவ், போரிசென்கோ. அவர்கள் பெயர் பதக்கத்தில் ஏறவில்லை. அடுத்த வருஷமே, 1936-ல், மற்றத் தொழிலாளிகள் எல்லாருக்கும் வேலை அளவு உயர்த்தப்பட்டது. பக்கத்தில் நின்றவன் ஏன் முணுமுணுத்தான் என்பது நமக்குப் புரியாத விஷயமா? ஒருவனைத் தூக்கிவைக்கும்போது முட்டுக்கொடுத்தவனை மறந்தால், பாராட்டே பொறாமைக்கு விதையாகிவிடும்.

"சும்மாதான் இருக்கா"

இனி நம் வாசலுக்கே வருவோம். தென்காசி, கடையநல்லூர், சுரண்டை, ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் சுளகும் மடியுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இலையை நனைத்து, கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி... கண் வேறெங்கோ இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் நிற்காது. ஆயிரம் பீடி சுற்றி முடிக்க ஒரு பகல் போதாது. அந்த வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒருவர் வந்து, "உங்க வீட்டம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டால் புருஷன் என்ன பதில் சொல்லுகிறான்? "அவ சும்மாதான் இருக்கா." சுளகை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற அவளும் தலையை ஆட்டுகிறாள்!

பீடி முதலாளிகள் இதைத்தான் கோர்ட்டு வரைக்கும் போய்ச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளி அல்ல. அவள் இஷ்டத்துக்குச் செய்கிறாள் என்றார்கள். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது. மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுகிறவருக்கும் பிராவிடண்ட் பண்டு உண்டு என்பதை 1985-ல் இன்னொரு வழக்கில் ஒப்புக்கொண்டது. 1976-ல் சேமநல நிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை வந்தது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை வந்தது. இவையெல்லாம் விருதல்ல. ஆனால் இந்த வட்டாரத்தில் பெண்களின் மனசை மாற்றியதில் எந்த விருதும் அந்த அட்டைக்கு நிகராகாது. தன் போட்டோ, தன் பெயர், பக்கத்திலே "பீடித் தொழிலாளி" என்ற எழுத்து. சும்மா இருந்தவள் தொழிலாளி ஆனாள். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகளை நாம் அறிவோம்.

அதிலும் இப்போது ஓட்டை போடுகிறார்கள். அந்த நிதிக்குப் பணம் வந்துகொண்டிருந்த பீடித் தீர்வையை 2017-ல், ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். 1966-ம் வருஷத்துச் சட்டத்தை 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் போட்டுக் கரைத்துவிட்டார்கள். தனியாக நின்ற பெயர் பொதுப் பட்டியலில் ஒரு வரி ஆகிவிட்டது.

இதற்கும் அடியில் ஒரு கூட்டம் இருக்கிறது. பாஸ்புத்தகமே இல்லாதவர்கள். அடுத்த வீட்டு அக்கா பெயரில், மாமியார் பெயரில், சில இடங்களில் யாரென்றே தெரியாத ஒருத்தி பெயரில் உள்ள பாஸில் பீடியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். சுற்றியது இவள். பிராவிடண்ட் பண்டு சேர்ந்தால் சேருவது வேறு பெயரில். கழிவு என்று கடையில் ஒதுக்கித் தள்ளும்போது மட்டும் கணக்கு இவள் தலையில்! இருபது வருஷம் உழைத்தும் அவள் உழைத்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவளிடம் போய், உனக்கு மனோதத்துவ ரீதியில் அங்கீகாரம் வேண்டுமா என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். "என் பேர்ல ஒரு பாஸ் வாங்கித் தாங்கண்ணே" என்பாள். இரண்டும் ஒன்றே.

வெறும் விருது எவ்வளவு வெறுமையானது என்பதற்கு ஆஷா ஊழியர்களைப் பாருங்கள். இந்தியா முழுவதும் 10 லட்சம் பெண்களுக்கு மேல். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலக விருது கொடுத்தது. பிரதமர் வாழ்த்தினார். தொழிலாளி என்று ஒப்புக்கொண்டாரா? தன்னார்வலர், ஊக்கத்தொகை என்ற பழைய வார்த்தைகள் அப்படியே நின்றன. துப்புரவுத் தொழிலாளிகள் கதையும் இதுவே. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜில் பிரதமர் ஐந்து பேரின் காலைக் கழுவினார். 2020 மார்ச் 22-ம் தேதி நாடே கை தட்டியது. சென்னையில் 2025 ஆகஸ்டில், தனியாரிடம் எங்களைத் தள்ளாதே, நிரந்தரம் செய் என்று 13 நாள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்களை, சுதந்திர தினத்துக்கு முன்னே ஒரு நள்ளிரவில் போலீஸ் தூக்கி வண்டியில் ஏற்றியது. கைதட்டலை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் என்ன வாங்க முடியும்?

பொன்னாடை

அப்படியானால் விருதையே வாங்கக்கூடாதா என்று கேட்கலாம். இதில் கம்யூனிஸ்டுகள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்ததில்லை. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் 1992-ல் பத்மவிபூஷண் வேண்டாம் என்றார். புத்ததேவ் பட்டாச்சார்யா 2022-ல் பத்மபூஷணை மறுத்தார். நம் சங்கரய்யா 2021-ல் தமிழ்நாட்டு சர்க்காரின் முதல் தகைசால் தமிழர் விருதை ஏற்றுக்கொண்டார். 10 லட்சத்தையும் கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் அந்த விருது நல்லகண்ணுவுக்கு வந்தது. நெல்லைச் சீமையில் விவசாயிகளிடையே வேலை செய்து, நெல்லைச் சதி வழக்கில் ஏழு வருஷம் சிறையில் இருந்தவர் அவர். பிடிபட்டபோது போலீஸ் சிகரெட் நெருப்பால் மீசையைப் பொசுக்கியது. 10 லட்சத்தோடு தம் கையிலிருந்து 5,000 ரூபாய் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். மறுத்ததும் சரி, ஏற்றதும் சரி என்பது நம் அபிப்பிராயம். மீசையைப் பொசுக்கிய சர்க்கார் என்ற அதே அமைப்பு, எழுபது வருஷம் கழித்து எழுந்து நின்று கை கூப்புவதைத் தொழிலாளி பிள்ளைகள் பார்க்கட்டுமே!

அந்தச் சங்கரய்யாவுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2023-ல் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானித்தது. 1941-ல் அமெரிக்கன் கல்லூரியில் பரீட்சை எழுதவிடாமல் வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனதால் பி.ஏ. முடிக்காதவர் அவர். கவர்னர் கையெழுத்துப் போடவில்லை. அந்த நவம்பர் 15-ம் தேதி 102-வது வயதில் அவர் கண் மூடினார். பட்டம் இல்லாததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. படிப்பு பாதியில் நின்ற நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கையெழுத்து தேவைப்பட்டது. அதனால்தான் மறுத்தார்கள் போலும்.

பாராட்டு என்பது சர்க்காரும் முதலாளியும் மட்டும் கொடுக்கிற சரக்கா? குற்றாலத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து 1954-ல் காலமான டி.கே. சிதம்பரநாத முதலியாரை ரசிகமணி என்று ஜனங்கள் சொன்னார்கள். அவர் நம் அணிக்காரர் அல்ல; வக்கீல் படிப்புப் படித்தவர், ராஜாஜிக்கும் கல்கிக்கும் நண்பர். அரசியலில் அவரோடு நமக்கு ஒத்துவராது. ஆனால் அவரிடம் ஒரு கலை இருந்தது. நெல்லையில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியிலும், பிறகு குற்றாலத்திலும் அவர் கொடுத்தது பொற்கிழி அல்ல. காது கொடுத்தார். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இன்ன இடம் நன்றாயிருக்கிறது என்று இடம் காட்டிச் சொன்னார். நம் இடைசெவல் கி. ராஜநாராயணன், விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர், அந்தக் குற்றாலத்து வாசலுக்குப் போய் வந்தவர்தான். 1991-ல் அவருக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, கரிசல்காட்டுப் பேச்சுக்கும் மதிப்புண்டு என்று ஒருவர் ரசித்துக் கேட்டது அவருக்குக் கிடைத்திருந்தது.

நம் கூட்டங்களிலே என்ன நடக்கிறது? மேடையில் இருப்பவருக்குப் பொன்னாடை. அவர் பக்கத்தில் இருப்பவருக்குப் பொன்னாடை. போர்த்துகிறவருக்கு மறுகூட்டத்தில் பொன்னாடை. அரைமணி இதில் போகும். சேர் அடுக்கிய பையன், உண்டியல் குலுக்கிய கிழவி, வேலை நிறுத்தத்தில் கஞ்சி காய்ச்சிய பெண்கள் கீழே நின்று கை தட்டுவார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஜமீன்தார் தர்பாரிலிருந்து வந்தது. தெற்கே கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கல்லில் ஒன்று வெட்டிவைத்தான். தனக்குப் பின்னால் இந்தக் கோயிலைப் பேணிக் காப்பவர் எவரோ அவர் காலில் விழுகிறேன் என்பது அதன் கருத்து. ராஜாவே அப்படி எழுதினான் என்பதை ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொள்ளுகிறது. நெடுங்காலம் மொட்டையாக நின்ற அந்தக் கோபுரம் ஒன்பது நிலையாக மறுபடி எழுந்து 1990-ல் குடமுழுக்கு நடந்தது. முன்நின்று நடத்திய பெரிய மனிதர்கள் யார் என்று கேட்டால் ஊரில் யாரும் சொல்லுவார்கள். உச்சி நிலைக்குச் சாரம் கட்டி ஏறியவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

பீடிச் சங்கத் தோழர்கள் வருகிற வாரம் முதல் ஒரு வேலை செய்யலாம். மகாநாடு வேண்டாம், நோட்டீசு வேண்டாம். கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தெருத் தெருவாகப் போய்த் திண்ணையில் உட்காருங்கள். பாஸ் யார் பெயரில் இருக்கிறது, சுற்றுகிறவர் யார் என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். சுற்றுகிறவர் பெயரை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். "இன்னார் சம்சாரம்" என்று எழுத வேண்டாம். எத்தனை வருஷமாகச் சுற்றுகிறார், எந்தக் கடைக்கு, அட்டை உண்டா, பிராவிடண்ட் பண்டு நம்பர் உண்டா என்று கேளுங்கள். எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். அந்த நோட்டைக் கொண்டுபோய்த் தொழிலாளர் இலாகா அதிகாரியின் மேஜையில் வைக்கும் நாளில், பெயர் எழுதப்பட்டவர்களில் வர முடிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரவர் பெயரை அவரவர் படிக்கட்டும்; படிக்கத் தெரியாதவர் பெயரைப் பக்கத்தில் நிற்பவர் உரக்கப் படிக்கட்டும்.